கை அசைந்தது, முகம் அசையவில்லை: ஜொகன்னஸ்பர்க் 2013, ஒரு நிகழ்வு ஆய்வு

மைதானத்தில் நடந்தது

2013 டிசம்பர் 10. ஜொகன்னஸ்பர்க் எஃப்.என்.பி. மைதானத்தில் நெல்சன் மண்டேலாவுக்கு நினைவஞ்சலிக் கூட்டம். அவர் காலமாகி ஐந்து நாள் ஆகியிருந்தது. விடாத மழை. ஒபாமா, பான் கி மூன், ராவுல் காஸ்ட்ரோ, டில்மா ரூசெஃப், நம் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி என்று வரிசையாகப் பேசினார்கள். மேடையில் பேச்சாளருக்குப் பக்கத்திலேயே ஒருவர் சூட் அணிந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றிருந்தார். காது கேளாதோருக்கான சைகைமொழிபெயர்ப்பாளர். உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் அவரைப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. கை அசைகிறது, வாய் மூடியிருக்கிறது, சைகைமொழி என்றால் இப்படித்தானே இருக்கும்!

காது கேளாதவர்களுக்கோ கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. தென்னாப்பிரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் வில்மா நியூஹவுட்-ட்ரூகென் காது கேளாதவர். 1999 முதல் அந்த அவையில் இருந்தவர். மேடையில் இருப்பவர் காட்டுவது குப்பை, அவருக்குச் சைகை தெரியாது, தயவுசெய்து இறக்குங்கள் என்ற பொருளில் அவர் உடனே ட்விட்டரில் எழுதினார். யாரும் இறக்கவில்லை.

மறுநாள் தென்னாப்பிரிக்கக் காது கேளாதோர் கூட்டமைப்பு வாய் திறந்தது. இலக்கணம் இல்லை, அமைப்பு இல்லை, மண்டேலா பெயருக்கான சைகை இல்லை, ‘நன்றி’ கூட இல்லை என்றார்கள். இவற்றோடு இன்னொரு குற்றச்சாட்டும் வந்தது: முகத்தில் ஒன்றுமே இல்லை. சரியான சைகை கைவராத இடத்திலும் முகமாவது எதையாவது சொல்லியிருக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை என்று கூட்டமைப்பின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொன்னார்.

செய்திகளில் இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு ஓரமாகத்தான் வந்தது. அடுத்த சில நாட்களில் பேச்சு முழுக்க அந்த மனிதரின் வாழ்க்கைக்குத் திரும்பியது. தனக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் இருக்கிறது, மேடையில் நிற்கும்போதே தேவதைகள் இறங்குவதைக் கண்டேன் என்று அவர் பேட்டி கொடுத்தார். பிறகு அமெரிக்க அதிபருக்கு இவ்வளவு பக்கத்தில் எப்படி விட்டார்கள் என்ற பாதுகாப்புக் கேள்வி வந்தது. அவர் பெயர் அன்று ஊர் உலகமெல்லாம் அடிபட்டது. இந்த ஆய்வுக்கு அது தேவையில்லை. நோயாளி ஒருவரின் கதையாக இதை வாசித்தால் உண்மையில் என்ன பழுதாயிற்று என்பது மறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

அந்த முகத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஓராண்டுக்கு முன், நியூயார்க்கில்

இதற்கு நேரெதிரான ஒன்று 2012 அக்டோபர் கடைசியில் நடந்தது. சாண்டி புயல் நியூயார்க்கை நெருங்கிக்கொண்டிருந்தது. மேயர் மைக்கேல் புளூம்பர்க் நாள்தோறும் செய்தியாளர்களைச் சந்தித்தார். அவருடைய பேச்சு, வங்கிக் கணக்கு வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கமே இல்லாதது. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் லிடியா கேலிஸ். அவருடைய அம்மா காது கேளாதவர், சைகைமொழி அவருக்கு வீட்டு மொழி. புருவம் ஏறி இறங்குகிறது, கன்னம் உப்புகிறது, உதடு குவிகிறது, தோள் முன்னால் சாய்கிறது. இரண்டே நாளில் இணையம் அவரைப் பிடித்துக்கொண்டது. ‘என்ன உற்சாகம், என்ன நடிப்பு’ என்று ஒரு கூட்டம் ரசித்தது. நவம்பர் முதல் வாரத்தில் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் அவரைப்போல் வேடமிட்டுக் கிண்டலும் செய்தார்கள்.

காது கேளாதவர்கள் பலர் எரிச்சலோடு சொன்ன பதில் எளிமையானது: அவர் நடிக்கவில்லை, பேசுகிறார்.

இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்காக வேலை செய்த முகம் வேடிக்கை ஆனது. ஒன்றுமே செய்யாத முகம் கண்ணியமாகத் தெரிந்தது. துக்கக் கூட்டத்தில் அடக்கமாக நிற்கிறார் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள். இரண்டு இடத்திலும் காது கேட்பவர்கள் செய்த பிழை ஒன்றுதான். மொழி கையில் இருக்கிறது, முகம் உணர்ச்சிக்கானது, அது மேலே தூவும் மசாலா என்று எண்ணிக்கொண்டார்கள். நம்மூரில் இந்த எண்ணம் இன்னும் ஆழம். பரதநாட்டிய அபிநயம் பார்த்துப் பழகிய கண் சைகைமொழியையும் நவரசக் கணக்கில் சேர்த்துவிடும்.

புருவம் செய்யும் வேலை

‘வந்தான்’ என்கிறோம். ‘வந்தானா’ என்கிறோம். நடுவில் இருப்பது ஓர் ‘ஆ’. ‘மழை பெய்தது, ஆட்டம் நின்றது’ நடந்த செய்தி. ‘மழை பெய்தால் ஆட்டம் நிற்கும்’ நிபந்தனை. வேர்ச்சொல் மாறவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கும் விகுதிதான் வாக்கியத்தைத் திருப்புகிறது. அமெரிக்கச் சைகைமொழியில் அந்த விகுதியின் வேலையை முகம் செய்கிறது.

ஒரே ஒரு வாக்கியத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். கையில் வரும் சைகைகள் நான்கு: புயல், வா, பாலம், மூடு. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு காட்டினால் ‘புயல் வந்தது, பாலம் மூடப்பட்டது’ என்பதுபோல் இரண்டு செய்திகள். இப்போது ‘புயல், வா’ என்ற முதல் இரண்டுக்கும் புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்றே சாய்த்து, ஒரு கணம் நிறுத்திவிட்டு, புருவத்தை இறக்கியபின் ‘பாலம், மூடு’ என்று காட்டினால் அது ‘புயல் வந்தால் பாலம் மூடப்படும்’. கடைசிவரை புருவத்தை உயர்த்தி, தலையை முன்னே நீட்டி, இறுதிச் சைகையைக் கொஞ்சம் பிடித்து வைத்தால் மூடப்பட்டதா என்ற கேள்வியாகிறது. கை மூன்று முறையும் ஒன்றேதான் செய்தது. வெள்ளம் வரப்போகும் ஊரில் இருக்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்விக்குப் புருவம் ஏறுகிறது. யார், எங்கே, ஏன் என்றால் புருவம் சுருங்கி இறங்குகிறது. மறுப்புக்குத் தலை பக்கவாட்டில் அசைகிறது; ‘இல்லை’ என்ற சைகையே இல்லாமல் அந்த அசைவு மட்டும் வாக்கியத்தை எதிர்மறையாக்கிவிட முடியும். துருக்கியிலும் கிரேக்கத்திலும் தலையைப் பின்னால் சாய்ப்பதும் சைகைமொழியில் மறுப்பு. ஆக இது உலகப் பொதுவான முகபாவமும் இல்லை. அந்தந்த மொழிக்கு அந்தந்த இலக்கணம்.

வாயின் பங்கு தனி. ‘ஓட்டு’ என்ற சைகையைக் காட்டும்போது உதட்டைச் சற்றே குவித்து முன்தள்ளினால் நிதானமாக, சுகமாக ஓட்டுகிறார். நாக்கு நுனி பற்களுக்கிடையே எட்டிப் பார்த்தால் கவனமில்லாமல் ஓட்டுகிறார். அமெரிக்கச் சைகைமொழியில் ‘தாமதம்’, ‘இன்னும் இல்லை’ இரண்டுக்கும் கை ஒன்றுதான். நாக்கை லேசாக நீட்டி, தலையை மெல்ல ஆட்டினால் இரண்டாவது பொருள். ‘மருந்து தாமதமாகிவிட்டது’, ‘மருந்து இன்னும் வரவில்லை’ என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு நாக்கு நுனிதான் நிற்கிறது. கொரோனா காலத்து முகக்கவசம் காது கேளாதவர்களிடமிருந்து எதையெல்லாம் பறித்தது என்பதும் இதிலேயே விளங்கும். உதட்டசைவு வாசிப்பது மட்டும் போகவில்லை, வினையடைகளில் பாதியும் போயிற்று.

அப்புறம் உடம்பு. ‘அவர் இப்படிச் சொன்னார், நான் அப்படிச் சொன்னேன்’ என்று ஒரு சண்டையை விவரிக்க வேண்டுமானால் தோள் ஒரு பக்கம் திரும்பும், பார்வை மாறும். அந்தக் கோணத்தில் இருக்கும்வரை பேசுவது அந்த ஆள். திரும்பினால் அடுத்த ஆள். எழுத்தில் மேற்கோள் குறி செய்கிற காரியம் இது. மண்டேலா சொன்னதை ஒபாமா எடுத்துச் சொல்கிறார் என்றால், மொழிபெயர்ப்பாளரின் தோளும் கண்ணும்தான் யார் வாக்கு யாருடையது என்று பிரித்துக் காட்டியாக வேண்டும். அன்றைக்கு மேடையில் நின்றவர் கிட்டத்தட்ட நேரே பார்த்தபடியே நின்றார்.

இந்திய சைகைமொழிக்கும் தனி இலக்கணம் உண்டு. அதை விரிவாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் உல்ரிகே ஸெஷான். வினாச் சைகை வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘எங்கே’ என்பதற்கு இடம் என்ற சைகையோடு பொதுவான வினாச் சைகை, ‘யார்’ என்பதற்கு முகம் என்ற சைகையோடு அதே வினாச் சைகை. எந்த நாட்டு மேடையாக இருந்தாலும், காது கேளாதவர் மொழிபெயர்ப்பாளரிடம் தேடுவது ஒரு முழு வாக்கியத்தை. கைச் சைகைப் பட்டியலை அல்ல.

கண் எங்கே நிற்கிறது

காது கேளாதவர்கள் உடனே கண்டுபிடித்ததற்கும் மற்றவர்கள் கண்டுபிடிக்காததற்கும் நேரடியான ஒரு காரணம் இருக்கிறது. சைகைமொழி தெரியாதவர் கையைப் பார்க்கிறார். சைகைமொழியில் பேசிக்கொள்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கண்ணசைவை அளந்த ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது: பார்வை முகத்தில் ஊன்றி நிற்கும், கைகள் ஓரப்பார்வையில் ஓடும். புதிதாகக் கற்பவர்கள் வாயருகே அதிகம் பார்க்கிறார்கள், பிறப்பிலிருந்தே பேசுகிறவர்கள் கண்ணருகே.

அதனால்தான் இவர்களிடையே பேச்சின் நடுவில் பார்வையை விலக்குவது பெரிய விஷயம். அது காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம். கூப்பிட வேண்டுமானால் தோளைத் தொடுவார்கள், கையை வீசுவார்கள், விளக்கை அணைத்துப் போடுவார்கள், மரத்தரையாக இருந்தால் காலால் தட்டுவார்கள். கண் கிடைத்த பிறகுதான் பேச்சு.

எஃப்.என்.பி. மைதானத்தில் காது கேளாதவர்களின் பார்வை விழுந்த இடத்தில் வெற்று முகம் இருந்தது. மற்றவர்கள் பார்த்த இடத்தில் கை மும்முரமாக இருந்தது.

குழந்தைகள் காட்டும் சான்று

‘இலக்கணம் என்று பெயர் வைத்துவிட்டீர்கள், அடிப்படையில் உணர்ச்சிதானே’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகைமொழிக்கு அமைப்பு உண்டு என்று முதன்முதலில் நிறுவியபோது அவர் கவனமும் பெரும்பாலும் கையின் வடிவம், இடம், அசைவு மேல்தான் இருந்தது. முகத்துக்கான இலக்கணத்தை ஸ்காட் லிடெல், சார்லட் பேக்கர்-ஷெங்க் போன்றவர்கள் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கட்டினார்கள். ஒளிப்பதிவை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்ததில் வேறுபாடு தெரிந்தது. கோபமோ துக்கமோ முகத்தில் மெல்ல ஏறி மெல்ல வடியும். இலக்கணப் புருவம் வாக்கியத்தின் உறுப்பு தொடங்கும் இடத்தில் சட்டென ஏறி, முடியும் இடத்தில் சட்டென இறங்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய சான்றாகப் படுவது குழந்தைகள். ஜூடி ரெய்லியும் ஊர்சுலா பெலூகியும் அவர்களோடு பணிபுரிந்தவர்களும், காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் முகத்தை எப்படிக் கற்கிறார்கள் என்று பல ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லாக் குழந்தைகளையும்போல் ஒரு வயதுவாக்கில் தலையை ஆட்டி ‘வேண்டாம்’ என்கிறார்கள். பிறகு கையால் ‘வேண்டாம்’, ‘இல்லை’ என்ற சைகைகள் வருகின்றன. அப்போது தலையாட்டலும் கூடவே வந்திருக்க வேண்டும், ஏற்கெனவே தெரியுமே! வருவதில்லை. கை மறுக்கிறது, முகம் சும்மா இருக்கிறது. சில மாதம் கழித்துத்தான் தலையாட்டல் இலக்கணமாக உள்ளே வந்து சைகையோடு சேர்கிறது. எங்கே, யார் போன்ற கேள்விகளுக்கான புருவச் சுருக்கம் இன்னும் பல ஆண்டு தாமதம். மூன்று வயதுக் குழந்தை மரம்போன்ற முகத்தோடு ‘அப்பா எங்கே’ என்று கையால் கேட்கும். உணர்ச்சியாக முகத்தில் இருந்தது மொழியாக மாற, குழந்தை அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

அதே ஆய்வாளர்கள் தாய்மார்களிடம் கண்ட ஒன்று இன்னும் அழகு. காது கேளாத தாய் கைக்குழந்தையிடம் ‘எங்கே’ என்று கேட்கும்போது இலக்கணப்படி புருவத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் குழந்தைக்கு அம்மா கோபப்படுவதுபோல் இருக்கும். ஆகவே குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை பெரும்பாலும் அந்தப் புருவத்தை விட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு இலக்கணப் பிழையாகவே கேட்கிறார்கள். பிறகு மெல்லக் கொண்டுவருகிறார்கள். ஒரே முகத்தில் உணர்ச்சியும் இலக்கணமும் இடத்துக்காகப் போட்டியிடுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மூளையிலும் இரண்டும் பிரிந்திருப்பதற்கு அறிகுறிகள் உண்டு. பக்கவாதம் போன்ற பாதிப்புக்குள்ளான சைகைமொழியாளர்களை டேவிட் கொரினாவும் பெலூகி, ரெய்லியும் ஆராய்ந்தார்கள். இடது மூளை பழுதானவரிடம் உணர்ச்சி முகம் வருகிறது, இலக்கண முகம் தடுமாறுகிறது. வலது பக்கம் பழுதானவரிடம் அது தலைகீழ். தசைகள் அதே தசைகள்தான்.

லிடியா கேலிஸின் முகத்துக்கு இப்போது திரும்பிப் பார்த்தால் அங்கே இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தது புரியும். ஒன்று நிபந்தனை, கேள்வி, மறுப்பு, ‘மிகப் பெரிய’, ‘மிகக் கிட்டத்தில்’ என்ற இலக்கணம். மற்றது, ‘இது அவசரம்’ என்ற தொனி. மேயர் குரலில் இருந்து அந்தத் தொனியை யாரும் பெற்றிருக்க முடியாது என்பது வேறு கதை.

யார் பார்த்திருக்க வேண்டும்

ஜொகன்னஸ்பர்க் சம்பவம் திடீர் விபத்தல்ல. 2012இல் ஆளுங்கட்சி நிகழ்ச்சி ஒன்றில் இதே மனிதர் மேடையில் நின்றிருந்தார். பார்வையாளரில் இருந்த காது கேளாத ஒருவர் அதை ஒளிப்பதிவு செய்து கூட்டமைப்பிடம் கொடுத்தார். கூட்டமைப்பு அதை ஆராய்ந்து, இவருக்குப் பயிற்சி தேவை என்று கட்சிக்கு முறையாகப் புகார் எழுதியது. பதில் இல்லை. ஓராண்டுக்குப் பிறகு அவர் உலகின் மிகப் பெரிய மேடையில் நின்றார்.

அரசுத் தரப்பில் பேசிய துணை அமைச்சர் ஹென்ட்ரியெட்டா பொகோபானே-ஜூலு, காது கேளாத சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டார். மேடையில் நின்றவரை அனுப்பிய நிறுவனத்தின் உரிமையாளர்களைக் காணவில்லை, அது பல காலமாகத் தரமில்லாத சேவை கொடுத்து வந்திருக்கிறது என்றும் சொன்னார். சோர்வைத் தவிர்க்க இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மொழிபெயர்ப்பாளரை மாற்ற வேண்டும் என்பதையும் அவரே குறிப்பிட்டார். எல்லாம் சரி. ஆனால் அந்த ஏற்பாட்டின் எந்தக் கட்டத்திலும், நியமனத்திலோ ஒத்திகையிலோ மேடைக்குப் பின்னாலோ, முடிவெடுக்கும் இடத்தில் காது கேளாத ஒருவர் உட்கார்ந்திருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே அவரை இறக்கியிருப்பார்கள். காது கேட்பவர்கள் மட்டும் உட்கார்ந்து தேர்வு செய்யும்வரை, வேகமாகக் கை ஆட்டுகிற எவரும் தேறிவிடுவார்.

நான்கு ஆண்டு கழித்து ஃபுளோரிடாவின் மனாட்டி மாவட்டத்தில் இது சிறிய அளவில் திரும்பவும் நடந்தது. 2017 செப்டம்பர், இர்மா புயல். அவசர அறிவிப்புக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. மாவட்டத்தில் கடற்கரை உயிர்காப்பாளராக இருந்தவருக்குக் காது கேளாத சகோதரர் இருக்கிறார் என்று அவரை நிறுத்திவிட்டார்கள். வெளியேற்ற அறிவிப்பின் நடுவே ‘பீட்சா’, ‘கரடி’, ‘அரக்கர்கள்’ போன்ற சொற்கள் வந்தன. அந்த மனிதர் கெட்ட எண்ணத்தோடு ஏறவில்லை. வீட்டில் சகோதரரோடு பேசிக்கொள்ளும் சைகையும் ஒரு மாவட்டத்தையே காலி செய்யச் சொல்லும் மொழியும் ஒன்றல்ல என்று சொல்ல அங்கேயும் ஆளில்லை.

தென்னாப்பிரிக்கா 2023 ஜூலையில் தன் சைகைமொழியைப் பன்னிரண்டாவது ஆட்சிமொழியாக்கியது. சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் சிரில் ராமபோசா, அந்த மழைநாள் கூட்டத்தைத் தொகுத்து வழங்கியவர்களில் ஒருவர். ஆட்சிமொழி என்ற தகுதி பெரிய படி, சந்தேகமில்லை. மொழிபெயர்ப்பாளரைச் சோதிக்கும் முறை அதனால் தானாக வந்துவிடாது.

சோதனை அப்படியொன்றும் கடினமும் இல்லை. மொழிபெயர்ப்பாளரிடம் ஐந்தாறு வாக்கியங்களைச் சொல்லுங்கள்: ஒரு செய்தி, அதே சொற்களில் ஒரு கேள்வி, ஒரு ‘ஆல்’ நிபந்தனை, ஒரு மறுப்பு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்வது ஒன்று. எதிரே அவற்றைக் கேட்டிராத காது கேளாத ஒருவர் உட்காரட்டும். அவர் எழுதிக் கொடுப்பதை மூலத்தோடு ஒப்பிடுங்கள். கேள்வி செய்தியாகவும், நிபந்தனை நடந்த கதையாகவும் திரும்பி வந்தால் முகம் வேலை செய்யவில்லை என்று பொருள். பத்து நிமிட வேலை.

ஒளிபரப்புக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம், மொழிபெயர்ப்பாளரின் உருவம் பொதுவாகத் திரையில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்கிறது. நம் செய்தி அலைவரிசைகளில் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு பெட்டி வைத்து, அதன் கீழ்ப்பாதியில் ஓடும் எழுத்தையும் விடுகிறார்கள். கை ஓரளவு தெரியும். கைபேசியில் பார்ப்பவருக்குப் புருவம் ஏறியதா இறங்கியதா என்பது தெரியவே தெரியாது.